நாற்பது பெட்டி, நாலு பெட்டி

சிலுவைராஜ் பொய் சொல்லிப் பழகியவர் அல்லர். கோப்பிக் கடையில் சீனி போடாமல்தான் குடித்தேன் என்று மனைவியிடம் சொல்வதையெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதை எந்தப் புருஷனும் சொல்வான். ஆனால் நாலு பேர் கூடிய சபையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, அறுபத்திரண்டு வயதும் பதினொரு மாதமும் ஆன நிலையில் அவர் ஒரு பொய் சொன்னார். காசுக்காகவோ பயத்துக்காகவோ சொல்லவில்லை. மோனைக்காகச் சொன்னார். தமிழனைத் தவிர வேறு யாரும் இப்படியொரு காரணத்துக்காகக் கெட்டுப்போக மாட்டான்.

அவருக்கு வேலை, தீவின் மேற்குக் கோடித் தொழிற்பேட்டையான துவாஸில், ஒரு மரப்பெட்டிக் கம்பெனியில். வெளிநாடு போகும் இயந்திரங்களுக்கு அளவெடுத்துப் பெட்டி செய்து, உள்ளே ஆடாமல் அசையாமல் கட்டி அனுப்புவது அந்தக் கம்பெனியின் தொழில். இருபத்தேழு வருடமாக அங்கே இருக்கிறார், கடைசிப் பன்னிரண்டு வருடம் சூப்பர்வைசராக. ஓர் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், கனம் எந்தப் பக்கம், அடியில் எத்தனை கட்டை என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னபடி கட்டிய பெட்டி எதுவும் எந்தத் துறைமுகத்திலும் கவிழ்ந்ததில்லை.

தோ பாயோவில் அடுக்குமாடி வீடு. மனைவி அருள்ஜோதி. அவருடைய நாற்பத்து மூன்றாம் வயதில், இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகு பிறந்த ஒரே மகள் செரினா. அவள் ஆகஸ்டு மாதம் பல்கலைக்கழகம் போகிறாள், நான்கு வருடப் படிப்பு. அப்பாவுக்கோ அடுத்த மாதம் அறுபத்து மூன்று, ஓய்வு வயது. அதற்குப் பிறகும் ஆளை மறுவேலை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளத்தான் சட்டம் சொல்கிறது. ஆனால் கொடுக்கப் பொருத்தமான வேலையே இல்லை என்று கம்பெனி முடிவு செய்தால், ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கும்பிடு போட்டு அனுப்பிவிடவும் வழி உண்டு. மேனேஜர் மேடம் கோ மூன்று வாரமாக இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிலுவைராஜும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

இந்த நிலையில்தான் பங்குத் திருவிழாப் பட்டிமன்றம் வந்தது. தலைப்பு: "நாட்டின் பொருளாதாரம் ஏறுவதும் இறங்குவதும் அதிபர் கையிலா, மக்கள் கையிலா?" தலைப்பைப் பார்த்ததும் பங்குத்தந்தைக்கு லேசாக வியர்த்தது. எந்த நாட்டு அதிபர் என்று யாராவது கேட்டால்? நம் அதிபர் அன்றாட அரசாங்கம் நடத்துபவர் அல்லர். நாட்டின் சேமிப்பை அரசாங்கம் தொடவேண்டுமென்றால் அவர் சம்மதமும் வேண்டும், அந்த இரண்டாவது சாவி அவரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். மற்ற நாட்டு அதிபர்களைப் பற்றிப் பேசினால், கோவில் கூடத்தில் அரசியல் பேசினார்கள் என்று பெயர் வரும். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். எந்த அதிபரின் பெயரையும் சொல்லக்கூடாது, எந்த நாட்டின் பெயரையும் சொல்லக்கூடாது. பிறகு எதைத்தான் சொல்வது என்று பேச்சாளர்கள் கேட்டதற்கு, "பொதுவா பேசுங்க" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார்.

சீட்டுக் குலுக்கியதில் சிலுவைராஜுக்கு அதிபர் அணி விழுந்தது. கோப்பிக் கடையில் அவர் எப்போதும் மக்கள் கட்சி. அதிபர் வருவார் போவார், ஆணி அடிக்கிறவன் அடித்தால்தான் பெட்டி என்பது அவருடைய கொள்கை. ஆனால் பட்டிமன்றத்தில் கொள்கையை யார் கேட்டார்கள்? அணி என்னவோ அதுதான் உயிர். தேக்கா கடைத்தெருவில் புது ஜிப்பா ஒன்று வாங்கினார். ஒரு வாரம் குளியலறையில் பேசிப் பழகினார். அருள்ஜோதி வெளியே நின்று கதவைத் தட்டி, "ஏங்க, அதிபர் குளிச்சு முடிச்சாரா?" என்று கேட்கும் அளவுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து, மாடிக்கூடம் நிரம்பி வழிந்தது. நடுவர் சிவகாமசுந்தரி அம்மையார், முப்பத்தைந்து வருடம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். எதிரணியில் டெஸ்மண்ட் என்ற இளைஞன், வங்கியில் வேலை. அவன் தாளும் கையுமாக வந்து வெளுத்து வாங்கினான்.

"வட்டி விகிதத்த முடிவு பண்றது அதிபர் இல்ல, மத்திய வங்கி. எண்ணெய் விலை அவர் கையில இல்ல. கிருமி வந்து ஊரே அடைஞ்சு கிடந்துச்சே, அது யாரைக் கேட்டு வந்துச்சு? முந்தினவர் நட்ட மரத்துல பிந்தினவர் பழம் பறிக்கிறார். பொருளாதாரம் ஏறுனா என்னாலன்னு சொல்றார், இறங்குனா முந்தினவராலன்னு சொல்றார். நடுவர் அவர்களே, இதெல்லாம் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!"

கூடம் கைதட்டியது. சிலுவைராஜுக்கே அது நியாயமாகப் பட்டது. அதுதான் அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது.

அவர் எழுந்தார். "தம்பி காக்கான்னு சொன்னார். சரி, ஒத்துக்கறேன். ஆனா இந்தக் காக்கா சும்மா உட்காரல, கையில கோடாலியோட உட்கார்ந்துச்சு!" என்றார். சிரிப்பு அலை எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த அடி அடிக்கவேண்டும். பெயர் சொல்ல முடியாது, நாட்டைச் சொல்ல முடியாது. கையிருப்பில் இருந்த உதாரணம் ஒன்றே ஒன்று, அவருடைய சொந்தக் கம்பெனி.

"கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் ஒரு கையெழுத்துப் போட்டார், இறக்குமதி வரின்னு. ஒரே ஒரு கையெழுத்து. இந்தப் பக்கம் எங்க பட்டறையில ஆணி அடிக்கிற சத்தம் நின்னு போச்சு! அன்னிக்கு ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி. இன்னிக்கு?" நிறுத்தினார். கூடமும் மூச்சை நிறுத்தியது. "நாலு பெட்டி!"

கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குக் கைதட்டல். உண்மை முப்பத்து நான்கு. வரிப் பேச்சு வந்த பிறகு ஆறு பெட்டி குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் "நாற்பது பெட்டி, முப்பத்து நாலு பெட்டி" என்று சொன்னால் யார் கைதட்டுவார்கள்? முந்தின இரவு குளியலறையில்கூட அவர் முப்பத்து நான்கு என்றுதான் பழகினார். மேடையில் வாய் தானாக வழுக்கிவிட்டது.

சிவகாமசுந்தரி அம்மையார் அதிபர் அணிக்கே தீர்ப்புச் சொன்னார். சிலுவைராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செரினா அப்பாவின் பேச்சில் முப்பது விநாடியை வெட்டி எடுத்து, அன்று மாலையே இணையத்தில் போட்டுவிட்டாள்.

"ப்பா, நீங்க வைரல் லா! எவ்ளோ ஷேர் பாருங்க!"

"உங்க அப்பாவுக்கு இனி தலைகால் புரியாது" என்றாள் அருள்ஜோதி. நிஜமாகவே புரியவில்லை. அன்று ராத்திரி அவர் படுத்ததும் தூங்கிப்போனார், மூன்று வாரத்தில் முதல் தடவையாக.

திங்கட்கிழமை காலை பூன் லே ரயில் நிலையத்தில் கம்பெனிப் பேருந்தில் ஏறியதும் சட்டென்று பேச்சு நின்றது. வழக்கமாக அந்த வண்டியில் காது கிழியும். ஊழியர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள். சினிமா, கிரிக்கெட், ஊர்ச் சண்டை என்று வழி முழுக்க ஒரே கூச்சலாக இருக்கும். இன்று எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாஃபர், அறந்தாங்கிப் பையன், நல்ல தச்சன், மெல்லக் கேட்டான்.

"அண்ணே, உண்மையா?"

"என்ன தம்பி?"

"நாலு பெட்டின்னு பேசினீங்களே. ஊர்லேர்ந்து என் பொஞ்சாதி அனுப்பிச்சா. நைட் முழுக்க அழுதுருக்கா. உங்கள எல்லாம் திருப்பி அனுப்பிடுவாங்களான்னு கேட்டா, எனக்குப் பதில் தெரியல."

சிலுவைராஜ் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க மேசையில மட்டும் சனிக்கிழமை எத்தன பெட்டி அடிச்சீங்க?"

"ஆறு."

"அப்புறம் எப்படிடா மொத்தமே நாலுன்னு நம்புன?"

"அடுத்த மாசத்துக்கு வந்த ஆர்டரச் சொல்றீங்கன்னு நெனச்சோம்ணே. ஆர்டர் சீட்டெல்லாம் உங்க கைக்குத்தானே வருது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தன் கையால் ஆறு பெட்டி அடித்தவன், மேடையில் கேட்ட நாலை நம்பிவிட்டான். சிலுவைராஜ், "அது சும்மா பேச்சுக்குச் சொன்னது தம்பி, பயப்படாதீங்க" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஒருவரும் சமாதானம் ஆகவில்லை. ஆள் குறைப்பதற்கு முன்னால் எல்லாக் கம்பெனியிலும் சூப்பர்வைசர்கள் இதையேதான் சொல்வார்கள்.

மதியம் ஆபீஸ் பெண் வந்து, மேடம் நாளைக் காலை ஏழே காலுக்கு அவரைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கூடவே ஒரு செய்தி. வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ள அனுமதிக் கடிதம் கேட்டு மூன்று தச்சர்கள் ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். மூவரும் கை தேர்ந்தவர்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை ஜிப்பா போட்டுக்கொண்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு கெட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அருள்ஜோதியிடம் கொட்டினார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"வேலை போயிடுமாங்க?"

"தெரியல."

"செரினாவுக்குச் சொல்ல வேணாம். அவதான் வீடியோ போட்டா. தாங்க மாட்டா." எழுந்து மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். முதுகு குலுங்கியதை அவர் பார்த்தார். அப்படியே செத்துப்போய்விடலாம் போல் இருந்தது அவருக்கு.

மனம் கேட்காமல் சிவகாமசுந்தரி அம்மையாருக்குப் போன் செய்தார். அவருடைய தீர்ப்பையும் அல்லவா ஒரு பொய் கெடுத்துவிட்டது? "அம்மா, நான் நாலுன்னு சொன்னது பொய். முப்பத்து நாலுதான். நீங்க வேணும்னா தீர்ப்ப மாத்திக்குங்க" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "எனக்கு அப்பவே தெரியும் சிலுவை. எண்ணிப் பார்த்த கணக்கு இவ்ளோ ஓசையா வராது. தீர்ப்பப் பத்திக் கவலப்படாதீங்க. போன வருஷம் அந்தப் பக்கத்து அணிக்குக் குடுத்தேன், இந்த வருஷம் இந்தப் பக்கம். ரெண்டு வாரம் முன்னாடியே எழுதி வச்சாச்சு."

இதைக் கேட்டு மனம் கொஞ்சம் லேசாகியிருக்கவேண்டும். ஆனால், தீர்ப்பு முன்னமே எழுதி வைத்தாயிற்று என்பது வேறு இடத்தில் போய்த் தைத்தது. துவாஸிலும் அப்படித்தானோ என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கே மேடம் கோவின் அறை வாசலில் நின்றார். மேடம் கோவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனியை ஆரம்பித்தவரின் மகள். பேச்சில் வளவளப்பு கிடையாது. அவர் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்.

"அங்கிள், நாம் ஒரு நாளைக்கு நாலு பெட்டிதான் செய்கிறோம் என்று கோவிலில் சொன்னீர்களா?"

"சொன்னேன் மேடம்."

"எத்தனை செய்கிறோம்?"

"முப்பத்து நாலு."

"பிறகு ஏன்?"

அங்கேதான் சிலுவைராஜ் திணறினார். ஒரு சீனப் பெண்மணிக்கு, காலை ஏழே காலுக்கு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மோனையை விளக்குவது எப்படி? "மேடம், இது ஒரு போட்டிப் பேச்சு. நாற்பதும் நாலும் ஒரே எழுத்துல ஆரம்பிக்குது. கேட்க நல்லா இருக்கும். முப்பத்து நாலு, கேட்க நல்லா இல்ல" என்றார். சொல்லும்போதே தன் வாயால் அது எவ்வளவு அபத்தமாக ஒலிக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

"கேட்க நல்லா இருக்கும்" என்று மேடம் கோ தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அடுத்த மாத ஆர்டர் பட்டியல். சிலுவைராஜே அதை இன்னும் பார்த்திருக்கவில்லை. "காலைக் கூட்டத்தில் நீங்களே இதைப் படியுங்கள். பிறகு இங்கே வாருங்கள்."

தினமும் வேலை தொடங்குமுன் பட்டறை நடுவில் எல்லாரும் கூடி, தலைக்கவசம், கையுறை, எச்சரிக்கை என்று பத்து நிமிடம் பேசுவது வழக்கம். அன்று நாற்பது பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். பதினாறு வயதிலிருந்து மேடை ஏறியவர், முதல்முறையாக எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை நான் சொன்னது பொய்" என்றார். "கைதட்டு வாங்கச் சொன்னேன். நேத்து நாம அடிச்சது முப்பத்து நாலு. அடுத்த மாசம் இதோ, தாள் இருக்கு." வாடிக்கையாளர் வாரியாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். அந்த இறக்குமதி வரி போட்ட நாட்டுக்குப் போகும் பெட்டி குறைந்திருந்தது, அதை மறைக்கவில்லை. வேறு இரண்டு நாடுகளுக்குப் புதிதாக வந்திருந்தது. அதை மிகைப்படுத்தவும் இல்லை. "மொத்தம் ஒரு நாளைக்கு முப்பத்து மூணு வருது. ஒண்ணு குறையுது. அவ்வளவுதான். ஜாஃபர், வா, நீயே பாரு."

ஜாஃபர் தாளை வாங்கி விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றான் மற்றவர்களிடம். யாரோ பெருமூச்சு விட்டார்கள். இன்னொருவர் சிரித்தார். ஜாஃபர் ஓரமாகப் போய்ப் போனை எடுத்தான். அறந்தாங்கியில் அப்போது விடிந்துகூட இருக்காது. "ஏய், அழாத புள்ள, ஒண்ணும் இல்ல, அண்ணன் பேச்சுக்குச் சொன்னாராம்" என்று அவன் சொல்வது பட்டறை முழுக்கக் கேட்டது. கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. சிலுவைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வேலை போனாலும் போகட்டும், இந்தப் பாவம் கழிந்ததே என்று அந்த நிமிடம் மனதார நினைத்தார்.

அறைக்குத் திரும்பியபோது மேசைமேல் ஒரு கோப்பு இருந்தது. மேடம் கோ உட்காரச் சொன்னார்.

"அங்கிள், உண்மையைச் சொல்கிறேன். போன வாரம்வரை உங்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆர்டர் கொஞ்சம் குறைகிறது. உங்கள் சம்பளத்தில் இளையவர் ஒருவரை வைத்துக்கொண்டு மிச்சமும் பிடிக்கலாம்."

சிலுவைராஜ் தலையை ஆட்டினார். ஆக, இங்கேயும் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

"நேற்று அந்த மூன்று பேர் வந்தார்கள். நான் கணினியைத் திருப்பி முப்பத்து நாலு என்று காட்டினேன். என் கம்பெனி, என் கணினி, என் கணக்கு. நம்பவில்லை. சிலுவை அண்ணன் நாலு என்று சொன்னார் என்றார்கள். இப்போது நீங்கள் முப்பத்து மூணு என்றதும் நம்பிவிட்டார்கள்." அவர் பேனாவைத் திறந்தார். "அடுத்த மாதம் உங்களை அனுப்பினால் என்ன நினைப்பார்கள்? நாலுதான் உண்மை, அதனால்தான் அவரை அனுப்பினார்கள் என்று நினைப்பார்கள். பாதிப் பேர் மறுநாளே போய்விடுவார்கள். உங்களை அனுப்ப எனக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வருடம். பிறகு பார்ப்போம்."

கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினார். கடைசி வரிக்குக் கீழே பேனாவால் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்: கம்பெனியைப் பற்றி எந்த மேடையிலும் பேசக்கூடாது. சிலுவைராஜ் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எந்த நிபந்தனைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அவசரத்தில் பெயரில் பாதி கோணலாக விழுந்தது.

வெளியே வந்து, பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தார். அருள்ஜோதி முதல் மணியிலேயே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"குடுத்துட்டாங்க. ஒரு வருஷம்."

மூக்கை உறிஞ்சும் ஓசை. "மாதா கைவிடல" என்றாள். "உங்க இருபத்தேழு வருஷ உழைப்புங்க. அதப் பார்த்துத்தான் குடுத்திருக்காங்க."

நேர்மையாக முப்பத்து நான்கு என்று அவர் பேசியிருந்தால் இந்நேரம் வேலை போய், கையில் காசோலையோடு நின்றிருப்பார். அதைச் சொல்ல வாயெடுத்தார். அருள்ஜோதி அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமாம்மா" என்றார் சிலுவைராஜ். "உழைப்புத்தான்."